அவர் கப்பல் கட்டினார்... மனைவிக்கு ஏன் நோய் வந்தது?

கணவர் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். மனைவியோ அந்தத் தளத்தின் கேட்டைக்கூடத் தாண்டியதில்லை. சமையல், பிள்ளைகள், துணி துவைப்பது என்று வீட்டோடு இருந்தவர். ஆனால் இருபது வருஷம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், கணவரின் நுரையீரலில் இருந்த அதே மாதிரி தழும்பு மனைவியின் நுரையீரலிலும் தெரிந்தது!

ஏதோ ஒரு வீட்டில் நடந்த விநோதம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்துக் கப்பல் தளத் தொழிலாளர்களின் குடும்பங்களைப் பரிசோதித்து, 1985-ல் ஓர் ஆய்வு வெளியானது. மனைவியரில் நூற்றுக்குப் பதினோரு பேருக்கு இந்த அடையாளம் இருந்தது. மகன்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கும், மகள்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும்கூட இருந்தது.

தொற்றுநோயா? இல்லை. பரம்பரை நோயா? அதுவும் இல்லை. அது கணவரின் வேலைச் சட்டையில் ஏறி வீட்டுக்கு வந்த தூசி. அந்தத் தூசியின் பெயர் ஆஸ்பெஸ்டாஸ். தமிழில் கல்நார்.

கல்லிலிருந்து நாரா?

ஆமாம். பூமிக்கு அடியில் பாறையோடு பாறையாகக் கிடைக்கும் ஒரு கனிமம் இது. தோண்டி எடுத்துப் பிரித்தால் பஞ்சு மாதிரி, நூல் மாதிரி இழை இழையாக வரும். நூற்கலாம், நெய்யலாம், சிமென்ட்டில் கலந்து தகடாக வார்க்கலாம். தீயில் போட்டால் எரியாது. ஆசிட்டுக்கும் லேசில் மசியாது. சூட்டைக் கடத்தாது. விலையோ மலிவு. ஒரு பொருளிடம் இதைவிட வேறென்ன எதிர்பார்க்க முடியும்? அந்தக் காலத்தில் இதை 'அதிசயக் கனிமம்' என்றே கொண்டாடினார்கள்.

இதில் வெள்ளை, பழுப்பு, நீலம் என்று மூன்று வகைகள்தான் அதிகம் புழங்கின. கப்பல்களில் மூன்றும் போயின. 'வெள்ளை பரவாயில்லை, நீலம்தான் மோசம்' என்று சிலர் சொல்வதுண்டு. நம்பாதீர்கள். வீரியத்தில் வித்தியாசம் உண்டே தவிர, எல்லா வகையுமே புற்றுநோயை உண்டாக்கும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

கப்பலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நீராவிக் கப்பலின் வயிற்றுக்குள் இருப்பது என்ன? ராட்சச பாய்லர்கள், அவற்றிலிருந்து கிளம்பி மூலை முடுக்கெல்லாம் ஓடும் நீராவிக் குழாய்கள். குழாயைச் சும்மா விட்டால் சூடு வீணாகும், எண்ணெய் செலவு ஏறும். தெரியாமல் கை பட்டால் தோல் உரிந்துவிடும். ஆகவே பாய்லருக்கும் குழாய்க்கும் கனமான உறை போட வேண்டும். தீப்பிடிக்காத உறை என்றால் கல்நார்தான்.

தீ என்றால் கப்பல்காரர்களுக்கு ஏன் அத்தனை பயம்? நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடம் கிடையாதே! 1934 செப்டம்பரில் 'மோரோ காசில்' என்ற அமெரிக்கப் பயணிகள் கப்பல் நியூஜெர்சி கரையோரம் தீப்பற்றி எரிந்து, 130-க்கும் மேற்பட்டோர் இறந்து போனார்கள். அதன்பிறகு கப்பல்களில் தீத்தடுப்பு விதிகள் கடுமையாயின. குழாய்களோடு நின்ற கல்நார் தடுப்புச் சுவர், கூரை, கதவு, கேஸ்கெட் என்று எல்லா இடத்திலும் நுழைந்தது.

கொடுமையைப் பாருங்கள். கப்பலில் போகிறவர்களின் உயிரைக் காக்க வைத்த பொருள்தான், கப்பலைக் கட்டியவர்களின் உயிரைக் குடித்தது.

நாலரை நாளில் ஒரு கப்பல்!

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டே இருந்தன. மூழ்குவதைவிட வேகமாகக் கட்டியாக வேண்டும் என்ற நிலை. அமெரிக்கா 'லிபர்ட்டி' என்ற ஒரே அச்சுக் கப்பல்களை வரிசையாகக் கட்டித் தள்ளியது. 1941-லிருந்து 1945-க்குள் 2,710 கப்பல்கள்! 1942 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் தளத்தில் 'ராபர்ட் இ. பியரி' என்ற கப்பலை நான்கு நாள், பதினைந்து மணி நேரம், சில நிமிடங்களில் கட்டி முடித்துத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள்.

இந்த வேகத்துக்கு ஆள் எங்கிருந்து வந்தது? ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, விவசாயிகளும் கடைச் சிப்பந்திகளும் குடும்பப் பெண்களும் வெல்டிங் டார்ச் பிடித்தார்கள். போர்க்காலத்தில் அமெரிக்கக் கப்பல் தளங்களில் வேலை பார்த்தவர்கள் 40 லட்சத்துக்கும் மேல். பலர் சில மாதங்களோ ஓரிரு வருஷங்களோ மட்டும் இருந்துவிட்டுப் பழைய வேலைக்கே திரும்பிவிட்டார்கள். தளத்தை மறந்தும் போனார்கள். தூசி மட்டும் அவர்களை மறக்கவில்லை.

பனிப்பந்து விளையாட்டு

அட்லாண்டிக்குக்கு அந்தப்பக்கம், ஸ்காட்லாந்தில் கிளைடு நதிக்கரை. 'குவீன் மேரி', 'குவீன் எலிசபெத்' போன்ற புகழ்பெற்ற கப்பல்கள் பிறந்த ஊர் கிளைடுபேங்க். அங்கே குழாய்களுக்கு உறை போடுகிறவர்களை 'லேகர்' என்பார்கள். மூட்டையில் வரும் கல்நார்ப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, சப்பாத்தி மாவு பதத்தில் குழாயின் மேல் அப்புவார்கள். மூட்டையைப் பிரிக்கும்போதும், கொட்டும்போதும், காய்ந்த உறையை ரம்பத்தால் அறுக்கும்போதும் தூசி புகைபோல் கிளம்பும். உடம்பு முழுக்க வெள்ளையாகத் திரிந்ததால் கிளாஸ்கோவில் இவர்களுக்கு வந்த பட்டப்பெயர் 'வெள்ளெலிகள்'.

வேலை கற்றுக்கொள்ள வந்த பையன்கள், அந்தக் குழைத்த உருண்டைகளை ஒருவர் மேல் ஒருவர் பனிப்பந்து மாதிரி எறிந்து விளையாடியதாகப் பின்னாளில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து, பதினாறு வயசு. எது விஷம் என்று யார் சொன்னார்கள்?

இதில் இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கப்பலின் அடிவயிறு ஒரு குறுகலான இரும்புப் பெட்டி. அங்கே லேகர் மட்டுமா இருப்பார்? பக்கத்திலேயே வெல்டர், எலெக்ட்ரீஷியன், பெயின்டர், தச்சர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாரும் ஒரே காற்றைத்தான் சுவாசித்தார்கள். 1960-களின் கடைசியில் இங்கிலாந்தின் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் ஹாரீஸ் என்ற டாக்டர் ஆராய்ந்தபோது இது அம்பலமானது. கல்நாரைக் கையாலேயே தொடாத பிரிவுகளைச் சேர்ந்தவர்களுக்கும் நோய் வந்திருந்தது. 'நான் அந்த வேலை செய்யலையே' என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

முன்னாலேயே தெரியாதா?

தெரியும்! அதுதான் வேதனை.

1924-ல் இங்கிலாந்தின் ராக்டேல் ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் 33 வயதில் இறந்தார். கல்நார் ஆலையில் நூல் நூற்றவர். அவரது நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் குக், தழும்புகளுக்கு நடுவே கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். 1927-ல் 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்ற பெயரும் வைத்தார். 1930-ல் பிரிட்டிஷ் அரசின் ஆய்வறிக்கை வந்தது. 1931-ல் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் முக்கியமாக ஆலைகளை மனதில் வைத்துப் போட்டது. கப்பலின் வயிற்றுக்குள் வேலை செய்தவர்களை அது எட்டவில்லை.

1943-ல் அமெரிக்கக் கடற்படையும் கடல்வாணிப ஆணையமும் சேர்ந்து, தனியார் கப்பல் தளங்களுக்குச் சுகாதார விதிகள் வெளியிட்டன. கல்நார்த் தூசி கிளம்பும் வேலையைத் தனியே ஒதுக்கிச் செய்ய வேண்டும், முகமூடி வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. போர் அவசரத்தில் எத்தனை பேர் அதைத் திறந்து படித்திருப்பார்கள்?

1946-ல் வந்தது ஒரு விபரீத ஆய்வு. கப்பல் தளங்களில் குழாய் உறை போடும் 1,074 பேரைப் பரிசோதித்தார்கள். மூன்றே மூன்று பேருக்குத்தான் ஆஸ்பெஸ்டோசிஸ். 'அப்பாடா, இது ஓரளவு பத்திரமான தொழில்தான்' என்று எழுதிவிட்டார்கள். எங்கே தப்பு நடந்தது தெரியுமா? அந்த 1,074 பேரில் மிகப் பெரும்பாலோர் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம்கூட ஆகாதவர்கள். மாங்கன்று நட்ட மறுமாசமே போய்ப் பார்த்துவிட்டு, 'இந்த மரம் காய்க்காது' என்று சொன்ன கதைதான்! இந்த நோய் காய்ப்பதற்கு இருபது, முப்பது, சமயத்தில் ஐம்பது வருஷம்கூட ஆகும்.

அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர் நியூயார்க் டாக்டர் இர்விங் செலிகாஃப். 1943-க்கு முன் தொழிலுக்கு வந்த 632 உறை போடும் தொழிலாளர்களை எடுத்துக்கொண்டு, 1962 வரை யார் யார் எதனால் இறந்தார்கள் என்று தேடிப் பிடித்தார். சாதாரண மக்களின் கணக்குப்படி நுரையீரல், நுரையீரல் உறைப் புற்றுநோயால் ஆறேழு பேர் இறந்திருக்க வேண்டும். இறந்தவர்களோ 45 பேர்! 1964-ல் இது வெளியானதும் உலகம் விழித்துக்கொண்டது.

உள்ளே போன நார் என்ன செய்கிறது?

நாம் சுவாசிக்கும் தூசியில் பெரும்பாலானதை மூக்கு முடியும் சளியும் பிடித்து வெளியே தள்ளிவிடும். கல்நார் இழை தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லியது. காற்றோடு வழுக்கிக்கொண்டு போய், நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்றுப் பைகளில் உட்கார்ந்துகொள்ளும்.

அங்கே நம் உடம்பின் காவல்கார செல்கள் ரோந்து சுற்றுகின்றன. கிருமியோ தூசியோ வந்தால் அப்படியே விழுங்கி ஜீரணித்துவிடும். ஆனால் இந்த நார் நீளமானது. ஊசியை விழுங்கப் பார்க்கும் கோழிக்குஞ்சு மாதிரி அந்தச் செல் திணறும். விழுங்கவும் முடியாது, விடவும் முடியாது. தன்னிடமுள்ள ரசாயனங்களை எல்லாம் கக்கிவிட்டுச் செத்துப் போகும். அடுத்த செல் வரும். அதற்கும் அதே கதி. இப்படி வருஷக்கணக்கில் நடக்கும் போராட்டத்தில் அந்த இடம் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, கடைசியில் தழும்பு தட்டும். நாருக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. தீயிலேயே எரியாதது, உடம்புக்குள்ளா கரையப் போகிறது?

என்னென்ன நோய்கள்?

நுரையீரல் உறைத் தடிப்பு: நுரையீரலை மூடியிருக்கும் மெல்லிய உறையில் திட்டுத் திட்டாகத் தடித்திருக்கும். பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுக்கும்போது தெரியவரும். 'இவர் கல்நாரைச் சுவாசித்தவர்' என்பதற்கு இது ஓர் அடையாளச் சீட்டு.

ஆஸ்பெஸ்டோசிஸ்: நுரையீரல் முழுக்கத் தழும்பேறி, பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது தோல் மாதிரி விறைத்துப் போவது. முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவார்கள். பிறகு சமதரையில் நடந்தாலே இரைக்கும். வறட்டு இருமல் விடாது. சிலருக்கு விரல் நுனிகள் தடித்து உருண்டுவிடும்.

நுரையீரல் புற்றுநோய்: மற்றவர்களுக்கு வருகிற அதே புற்றுநோய்தான். வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது.

மீசோதீலியோமா: நுரையீரல் உறையிலோ வயிற்று உறையிலோ வரும் அபூர்வப் புற்றுநோய். பெரும்பாலும் கல்நாரால்தான் வரும். மார்பில் விடாத வலி, நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது, எடை குறைவது இதன் அறிகுறிகள். கொஞ்ச காலம் சுவாசித்தவர்களுக்கும் வந்திருக்கிறது.

இவை தவிர, குரல்வளையிலும் பெண்களுக்குக் கருமுட்டைப் பையிலும் வரும் புற்றுநோய்களுக்கும் கல்நார் காரணமாவது உறுதியாகியிருக்கிறது.

'தி கிரேட் எஸ்கேப்', 'டவரிங் இன்ஃபெர்னோ' படங்களில் பார்த்திருப்பீர்களே, ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன்? 1980-ல் ஐம்பதே வயதில் அவரைக் கொண்டுபோனது மீசோதீலியோமாதான். இளம் வயதில் ராணுவத்தின் மரைன் பிரிவில் இருந்தபோது, கப்பல் குழாய்களில் இருந்த பழைய உறையைச் சுரண்டி எடுக்கும் வேலை செய்திருக்கிறார். அதுவே காரணமாக இருக்கலாம் என்று அவரே கருதினார்.

சிகரெட் பிடிப்பவர்கள் கவனிக்க!

கல்நாரும் சிகரெட்டும் சேர்ந்தால் என்னவாகும்? செலிகாஃப் குழுவினர் 1979-ல் வெளியிட்ட கணக்கு இது. புகையும் பிடிக்காமல் கல்நார் வேலையும் செய்யாத ஒருவர் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பை 1 என்று வைத்துக்கொள்வோம். கல்நார் வேலை மட்டும் என்றால் சுமார் 5 மடங்கு. சிகரெட் மட்டும் என்றால் சுமார் 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தால்? 16 இல்லை, 50 மடங்குக்கும் மேல்! ஆகவே தூசியில் வேலை பார்த்தவர் இன்றைக்கே சிகரெட்டை விடுவது, எந்த மருந்தையும்விடப் பெரிய மருந்து. (மீசோதீலியோமாவுக்கும் புகைக்கும் மட்டும் சம்பந்தமில்லை. அது புகைக்காதவரையும் விடாது.)

சட்டையில் வந்த விருந்தாளி

இப்போது அந்த மனைவியின் கதைக்கு வருவோம்.

வேலை முடிந்து வரும் கணவர் சட்டையைக் கழற்றி மூலையில் போடுவார். மனைவி அதை எடுத்து, வாசலில் நின்று இரண்டு உதறு உதறுவார். அந்த இரண்டு உதறலில்தான் விஷயமே இருக்கிறது. ஆயிரக்கணக்கான இழைகள் காற்றில் பறக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, தும்மல்கூட வராது. அப்பா வந்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையின் மூக்கும் அந்தச் சட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இழை தரையில் படியும், பெருக்கும்போது மறுபடி எழும்பும்.

1965-ல் லண்டனில் ம்யூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள், மீசோதீலியோமா வந்த 76 பேரின் வாழ்க்கையைத் துருவினார்கள். 'என்ன வேலை பார்த்தீர்கள்?' என்பதோடு நிற்காமல், 'உங்கள் வீட்டில் யார் என்ன வேலை பார்த்தார்கள்? எங்கே குடியிருந்தீர்கள்?' என்றும் விசாரித்தார்கள். 31 பேர் கல்நார் வேலை செய்தவர்கள். 9 பேர் அந்த வேலையே செய்யாதவர்கள், ஆனால் வீட்டில் ஒருவர் செய்தவர். அதிகமாகக் கிடைத்த பதில், கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவி! ஆலைக்கு அரை மைல் சுற்றளவில் வெறுமனே குடியிருந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

நோயின் வேரைக் கண்டுபிடித்தது எந்த மெஷினும் இல்லை. சரியான ஒரு கேள்விதான்.

கப்பல் சாகும் இடம்: அலங்

கப்பல் கட்டும்போது போட்ட கல்நார், அதை உடைக்கும்போது மறுபடி வெளியே வந்தாக வேண்டுமே? அப்படி வந்து சேர்ந்த இடம் நம் நாட்டில்தான் இருக்கிறது. குஜராத்தில் பாவ்நகர் பக்கத்தில் அலங் கடற்கரை. 1983-லிருந்து அங்கே கப்பல் உடைக்கிறார்கள். கடல் பொங்கி ஏறும் நேரம் பார்த்துக் கப்பலைக் கரையில் ஏற்றிவிட்டு, நீர் வடிந்ததும் வெட்ட ஆரம்பிப்பார்கள். வெளிமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான் இந்த வேலைக்கு ஆதாரம்.

2005 டிசம்பர் 31-ல் 'கிளமென்ஸோ' என்ற பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் தன் கடைசிப் பயணமாக அலங்குக்குக் கிளம்பியது. உள்ளே டன் கணக்கில் கல்நார் என்று எதிர்ப்புக் கிளம்ப, நம் சுப்ரீம் கோர்ட் உள்ளே வர அனுமதி மறுத்தது. 2006 பிப்ரவரியில் பிரெஞ்சு அதிபர் சிராக் கப்பலைத் திரும்ப அழைத்துக்கொண்டார். கடைசியில் அது இங்கிலாந்தில் உடைக்கப்பட்டது.

அதே 2006-ல் சுப்ரீம் கோர்ட் அமைத்த நிபுணர் குழு, அலங் தொழிலாளர்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தது. சோதிக்கப்பட்டவர்களில் சுமார் ஆறில் ஒருவருக்கு ஆஸ்பெஸ்டோசிஸின் ஆரம்ப அடையாளம். கிளைடுபேங்க்கில் விதைத்தது அலங்கிலும் முளைக்கிறது.

2011 ஜனவரி முதல் உலகில் எந்தக் கப்பலிலும் புதிதாகக் கல்நார் பொருத்தக் கூடாது என்று சர்வதேச விதி வந்துவிட்டது. கப்பல்களைப் பத்திரமாக உடைப்பதற்கான ஹாங்காங் ஒப்பந்தமும் 2025 ஜூன் மாதம் அமலுக்கு வந்தது. கப்பலில் எங்கெங்கே என்னென்ன நச்சுப் பொருள் இருக்கிறது என்ற பட்டியல் இனி கையில் இருந்தாக வேண்டும். பிரிட்டன் 1999-லேயே கல்நாரை முழுக்கத் தடை செய்துவிட்டது. நம் நாட்டிலோ வெளிநாட்டிலிருந்து வரும் வெள்ளைக் கல்நாரை வைத்துக் கூரை ஷீட் தயாரிப்பது இன்னும் நடக்கிறது.

நம் வீட்டுக்கு இதில் என்ன?

'கப்பல் தளமெல்லாம் எங்கோ இருக்கு, நமக்கென்ன' என்கிறீர்களா? ஒரு நிமிஷம் யோசியுங்கள். சிங்கப்பூர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தாத்தா இருக்கலாம். கப்பல் இன்ஜின் ரூமில் பல வருஷம் இருந்த மாமனார் இருக்கலாம். பவர் ஹவுஸ் பாய்லர் பிரிவு, ரயில்வே ஒர்க்‌ஷாப், பிரேக் ஷூ தேய்க்கும் மெக்கானிக் ஷெட், சிமென்ட் ஷீட் கம்பெனி என்று கல்நார் புழங்கிய இடங்கள் நம் ஊரிலும் உண்டு.

வீட்டில் அப்படி யாராவது இருந்தால் செய்ய வேண்டியவை:

1. டாக்டரிடம் போகும்போது பழைய வேலையைச் சொல்லுங்கள். 'ரிட்டயர்டு' என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, எங்கே, என்ன வேலை, பக்கத்தில் என்ன தூசி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நம் ஊரில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தால் முதலில் டி.பி.யைச் சந்தேகிப்பது இயல்பு. வேலை விவரம் தெரிந்தால்தான் டாக்டரின் யோசனை வேறு பக்கமும் போகும்.

2. வீட்டுப் பெண்களுக்கு மூச்சுத் தொந்தரவு என்றால், கணவர், அப்பா, பிள்ளை பார்த்த வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

3. எக்ஸ்ரே, மூச்சளவுப் பரிசோதனை, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். எது வேண்டும் என்பதை நெஞ்சக நோய் டாக்டர் முடிவு செய்யட்டும். பயத்தில் நீங்களாகவே வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்க வேண்டாம்.

4. வேலைச் சான்று, சம்பள ரசீது, பி.எஃப். பேப்பர், பழைய எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆஸ்பெஸ்டோசிஸ் சட்டப்படி தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. நஷ்டஈடு கேட்க வழி உண்டு. கல்நார்த் தொழிலாளியின் மருத்துவக் குறிப்புகளை, அவர் வேலைக்குச் சேர்ந்து 40 வருஷம் அல்லது வேலையை விட்டு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே உத்தரவு போட்டிருக்கிறது.

5. இப்போதும் தூசி வேலையில் இருப்பவர், வேலை இடத்திலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வரட்டும். முடியாதபோது, வேலை உடுப்பை உதறாமல் தண்ணீரில் நனைத்து, தனியாகத் துவையுங்கள்.

நீங்கள் கேட்க நினைப்பது...

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் இருக்கிறோம். பயப்படணுமா?

உடையாத, நல்ல நிலையில் உள்ள ஷீட்டில் நார் சிமென்ட்டோடு இறுகியிருக்கும். அதன் கீழே உட்கார்ந்திருப்பதால் மட்டும் பெரிய ஆபத்து வந்துவிடாது. அறுப்பது, டிரில் போடுவது, உடைப்பது, பாசியைக் கம்பி பிரஷ்ஷால் காய்ந்தபடியே தேய்ப்பது... இவைதான் வினை. மாற்றுவதானால் நனைத்துவிட்டு, முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அந்தப்பக்கம் விடாதீர்கள். உடைந்த துண்டுகளைத் தட்டிப் பொடியாக்கி வாசலில் நிரப்பவே கூடாது. புதிதாகக் கூரை போடுகிறவர்கள் வேறு வகை ஷீட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்தால் போதாதா?

போதாது. இந்த நாருக்குக் கைக்குட்டை என்பது திறந்த ஜன்னல். இதற்கென்றே உள்ள வடிகட்டி முகமூடிகள்தான் உதவும். தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவது அதற்கு முந்திய வேலை.

சிகிச்சை உண்டா?

தழும்பேறிய நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. ஆனால் புகையை விடுவது, ஃப்ளூ மற்றும் நிமோனியா தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி, தேவையானால் ஆக்சிஜன் என்று வாழ்க்கையை இலகுவாக்கலாம். மீசோதீலியோமாவுக்குக் கீமோதெரபி மருந்துகளோடு, 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்யூனோதெரபியும் சேர்ந்திருக்கிறது. பூரண குணம் அரிது என்றாலும், ஆயுளை நீட்டிக்க வழி பிறந்திருக்கிறது.

எப்போதோ ஒருநாள் தூசி பட்டது. எனக்கும் வருமா?

அளவும் காலமும் கூடக்கூடத்தான் ஆபத்தும் கூடும். ஒருநாள் தூசிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சமயம், 'இவ்வளவு சுவாசித்தால் பரவாயில்லை' என்ற பத்திரமான அளவும் கிடையாது. இனிமேல் படாமல் பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இன்றும் வேலையிடத்துக் கல்நாரால் உலகில் வருஷத்துக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இவர்களில் பலர் நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு தளத்தில், ஏதோ ஒரு பட்டறையில் வியர்வை சிந்தியவர்கள். அந்த வேலையை அவர்களே மறந்திருப்பார்கள்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் உள்ள பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'சின்ன வயசில் எங்கெங்கே வேலை பார்த்தீங்க? அங்கே என்ன தூசி?' என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உடுப்பை யார் துவைத்தார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். நாளைக்கு ஒரு டாக்டருக்கு அந்த ஒரு பக்கம், பத்து எக்ஸ்ரேக்களுக்குச் சமமாக உதவக்கூடும்.